நீர்மாலைக்கு ஒரு மருமகள்

எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால், முற்றத்தில் பந்தலுக்குக் கால் நடுவதற்குள் அவள் அங்கே போய் உட்கார்ந்திருப்பாள். என் கணவருக்கு மூத்தவள், எனக்கு நாத்தனார். அவளுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள், என்னிடம் மரியாதையாகவும் நடந்துகொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் பெயரை எழுதாமல் விடுகிறேன். அவளுக்காக விடவில்லை.

நல்ல உயரம். ஆண்பிள்ளை நடை. காதில் தண்டட்டி தோளைத் தொட்டு ஆடும். சாவுக்குப் போவதற்கென்றே ஒரு கண்டாங்கிச் சேலையைத் தனியாகக் கொடியில் போட்டு வைத்திருப்பாள்; அதை வேறு எதற்கும் கட்ட மாட்டாள். அவள் அந்தச் சேலையை உருவுவதைப் பார்த்தவுடன் அவள் புருஷன் ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்து, தனக்கு வேண்டிய கஞ்சியைத் தானே காய்ச்ச ஆரம்பித்துவிடுவார். அதிர்ந்து பேசாத மனிதர். மதினி எங்கே என்று ஒரு தடவை கேட்டேன். "எங்கனயோ எவனோ போய்ட்டான். இவ வழியனுப்பப் போயிருக்கா," என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதினார்.

குடும்பத்து விஷயங்களை வருஷவாரியாக எழுதிவைப்பது எனக்கு வெகுநாள் பழக்கம். யார் எந்த மாதத்தில் பிறந்தார், எந்தக் கிணறு எந்தப் பஞ்சத்தில் வெட்டியது என்பதையெல்லாம் பழைய பஞ்சாங்கங்களோடு ஒத்துப்பார்த்து எழுதுவேன். இந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆதாரம் அவள்தான். எழுத்து தெரியாது. ஆனால் காலத்தைச் சாவுகளால் அளந்து வைத்திருந்தாள். என் கணவர் பிறந்த நாள் எது என்று கேட்டால், ஆண்டிபட்டிச் சித்தப்பனின் கருமாதிக்கு முந்தின நாள் என்பாள். அந்தச் சித்தப்பன் எப்போது செத்தார் என்றால், பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வராமல் போன வருஷம், மாசி அமாவாசை கழித்து என்பாள். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் கிழமை உட்பட சரியாக இருக்கும். நான் சரிபார்த்த எந்த இடத்திலும் அவள் பிசகியதில்லை. சாவு, நோய், இரண்டிலும் அவள் கண்ணும் கணக்கும் தப்பாதவை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பிற்பாடு பலர் என்னிடம், பாவம், அவளுக்குத் தெரியாமல் நடந்துபோய்விட்டது என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்கள்.

யார் எந்த எழவுக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்பதும் அவள் தலைக்குள் இருந்தது. உத்தமபாளையத்திலிருந்து ஒரு நல்ல இடம், அவள் கொழுந்தன் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றுகிற நேரம். அவள் மெதுவாக, எங்கள் சின்னாத்தா செத்தபோது உங்கள் வீட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லையே என்று கேட்டாள். மாப்பிள்ளையின் தகப்பனார் தயங்கி, ஆற்றில் வெள்ளம் போனது, தாண்ட முடியவில்லை என்றார்.

"வெள்ளம் வந்தது ஐப்பசியில," என்றாள் அவள். "எங்க சின்னாத்தா செத்தது பங்குனியில. மணல்ல நடந்து வந்திருக்கலாமே."

சம்பந்தம் அதோடு நின்றது. அந்தப் பெண் அதற்குப் பிறகு நெடுநாள் கல்யாணமாகாமல் இருந்தாள். அதைப் பற்றி இவளுக்கு வருத்தமே கிடையாது. கேட்டால், "கல்யாணத்துக்குப் பத்துப் பேரு வரலைன்னா சோறு மிஞ்சும், அம்புட்டுத்தான். எழவுக்கு நாலு பேரு வரலைன்னா பொணம் கெடக்கும்," என்பாள்.

நியாயமாக எழுத வேண்டும் என்றால் இதையும் எழுத வேண்டும். எனக்குக் கல்யாணமாகிச் சின்னமனூருக்கு வந்த புதிதில் வாந்திபேதி வந்தது. எங்கிருந்தோ வந்த உப்பு வியாபாரி ஒருவன் சாவடியில் செத்துக் கிடந்தான். பக்கத்தில் அவன் பெண்சாதியும் குழந்தைகளும். ஊரில் ஒரு கதவு திறக்கவில்லை. இவள் கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு தெருவின் நடுவே நடந்து போனாள். அந்தப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, பெயர் தெரியாத அவனுக்காக அவளோடு சேர்ந்து அழுதாள். பிறகு எழுந்து வந்து தன் புருஷனையும் கொழுந்தன்மாரையும் குழி வெட்ட அனுப்பினாள். அவர்கள் மறுத்துப் பார்த்தார்கள். "நாளைக்கு நீங்க வழியில செத்தா?" என்றாள். போனார்கள். அன்று நான் வாசலில் நின்று அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்படிக் கும்பிட்டதற்கும் சேர்த்துத்தான் இன்று கோபம் வருகிறது.

போடியிலிருந்து மதுரைக்கு ஓடிய சின்ன ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்து யுத்தத்துக்கு எடுத்துக்கொண்டு போன மறு வருஷத்துச் சித்திரை அது. என் கணவர் மலையில் ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். மாதம் ஒருமுறை இறங்கி வருவார். நான் இரண்டு குழந்தைகளோடு சின்னமனூரில் இருந்தேன். நாத்தனார் அடுத்த தெரு. குழந்தைகளில் மூத்தவள் பேச்சியம்மாள், நாலு வயது முடிந்திருந்தது. சின்னவன் முத்து, இன்னும் பால் மறக்காதவன்.

இரண்டு பேருக்கும் சில நாட்களாகக் காய்ச்சல், இருமல். கண் சிவந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஒரு விடியற்காலையில் பேச்சியின் காதுக்குப் பின்னால் கை வைத்தேன். மணலை அள்ளித் தெளித்த மாதிரி சின்னச் சின்னதாகத் தடித்திருந்தது. மணல்வாரி. அம்மைகளில் ஒன்று. எங்கள் பக்கத்தில் அம்மை என்று வாயால் சொல்வதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். நான் வேப்பங்குலை ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினேன். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது. வெளியார் உள்ளே வரக் கூடாது. வீட்டிலுள்ளவர்கள் எங்கும் போகக் கூடாது. எழவு வீட்டுக்கு மட்டும் கனவிலும் போகக் கூடாது. படித்தவர்கள் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்பார்கள். நானும் பிற்பாடு நிறையப் படித்தேன். ஆனால் நோயுற்ற குழந்தையை இருட்டான அறையில், குளிர்ச்சியாக, கூட்டத்தில் சேர்க்காமல் படுக்கவைக்க வேண்டும் என்று எந்த வைத்தியன் சொன்னாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்.

நான் குலையைச் செருகிவிட்டுத் திரும்புவதற்குள் அவள் வந்துவிட்டாள். கண்டாங்கி கட்டியிருந்தாள். மயிலாடும்பாறையிலிருந்து ஒரு ஆள் இரவெல்லாம் சைக்கிள் மிதித்துச் செய்தி கொண்டுவந்திருந்தான். அவளுக்கும் என் கணவருக்கும் பெரியப்பா முந்தின நாள் சாயங்காலம் இறந்துபோனார். தாய் தகப்பன் இல்லாத இவர்கள் இருவரையும் வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவருக்கு ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்க வேண்டியவர் என் கணவர். மலைக்கு வேறொரு ஆள் போயிருந்தான். அவர் போடி வழியாக இறங்கி நேரே அங்கே வந்துவிடுவார். சூரியன் மறைவதற்குள் எடுக்க வேண்டும்.

கொள்ளி வைக்கிறவனின் பெண்சாதிக்கு அங்கே ஒரு வேலை உண்டு. நீர்மாலை எடுப்பது. ஆற்றுக்குப் போய்த் தலை முழுகி, ஈரச்சேலையோடு குடத்தில் தண்ணீர் எடுத்து, நான்கு பேர் தலைக்கு மேலே வேட்டி விரித்துப் பிடிக்க, மேளத்தோடு நடந்து வர வேண்டும். அந்தத் தண்ணீரில்தான் பிணத்தைக் குளிப்பாட்டுவார்கள். மருமகள் கொண்டுவரும் தண்ணீர் இல்லாமல் போகிற பிணம், நாதியில்லாத பிணம் என்பது பேச்சு.

அவள் வாசலில் நின்று நிலையைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து பேச்சியின் முகத்தைத் திருப்பி, காதுக்குப் பின்னால் பார்த்தாள். விரலால் ஒருமுறை தடவினாள்.

"வேர்க்குரு," என்றாள்.

"காய்ச்சல் கொதிக்குதே மதினி. கண்ணெல்லாம் செவந்து..."

"சித்திரை வெயில்ல எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்ல? நாலு பெத்து வளத்தவ சொல்றேன். வேர்க்குரு. கெளம்பு."

வெளியே போனாள். நிலையில் செருகியிருந்த வேப்பங்குலையைப் பிடுங்கினாள். தெருவில் போட்டால் யாராவது பார்ப்பார்கள் என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பால் குடிக்கிற பிள்ளையை எப்படி விடுவாய் என்றாள். அப்படியானால் பேச்சியை மட்டுமாவது விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள், பஸ் புறப்படுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அம்மை கண்ட வீட்டுக்காரி நீர்மாலை எடுக்க முடியாது. எனவே அம்மை இல்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். புருஷன் பக்கத்தில் இல்லை. நான் கிளம்பினேன்.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்புறத்தில் ஒரு பெரிய தகர உருளை கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் எல்லாரும் இறங்க வேண்டும். ரயில் நின்றுபோனதால் கூட்டம் தாங்காது. புகையும் வெக்கையும் கடைசி வரிசையில் இருந்த எங்கள் மேல்தான் வந்தன. பேச்சி இருமினாள். இருமி முடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த இருமல் வந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"ஏத்தா, பிள்ளைக்கு ஆத்தா எறங்கியிருக்காப்புல இருக்கே?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஒமக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா? வேர்க்குருவுக்கும் ஆத்தாளுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் இத்தனை நரை நரைச்சீரா?"

பஸ்ஸில் சிரித்தார்கள். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது தன் மடியிலிருந்த ஒரு எலுமிச்சம்பழத்தைப் பேச்சியின் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த மனிதரின் ஊர் எது என்று கேட்டு வைத்திருக்கலாம்.

வீரபாண்டி வந்தது. அந்த மாதம்தான் அங்கே மாரியம்மன் திருவிழா. ரோட்டோரம் தோரணமும் கூட்டமுமாக இருந்தது. பஸ் மெதுவாகப் போனபோது இவள் கோயில் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு ஒரு காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வேர்க்குருவுக்கு யாரும் மாரியம்மனிடம் காசு முடிவதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. வழி முழுதும் பேச்சியை அவள்தான் வைத்திருந்தாள். தேனியில் பஸ் மாறினோம். கண்டமனூருக்குப் பிரிகிற இடத்தில் எங்களுக்காகக் கூண்டு வண்டி நின்றது. வேறு ஊர்களிலிருந்து வந்த உறவினர்களும் ஏறிக்கொண்டார்கள். அவள் வண்டிக்காரனிடம் மாட்டை விரட்டச் சொல்வாள். வண்டி குலுங்கிப் பேச்சி முனகினால், பைய ஓட்டுடா என்று அவனையே வைவாள். அவன் ஒரு தடவை திரும்பி, "வெரசாப் போகவா, பையப் போகவா? ஒண்ணு சொல்லுங்க பெரியம்மா," என்றான். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் தன் முந்தானையை நனைத்துப் பேச்சியின் நெற்றியில் போட்டுக்கொண்டே வந்தாள். தண்ணீர் கேட்டபோதெல்லாம் கொடுத்தாள். அவ்வளவு அன்போடு அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதைக் கொல்கிற வழியில் கூட்டிக்கொண்டு போனாள். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. நீர்மாலைக்கு எல்லாரும் காத்து நின்றார்கள். என் கணவர் ஈர வேட்டியோடு நின்றார். குழந்தைகளைப் பார்த்தார், ஆனால் அந்த நேரத்தில் கிட்டே வர முடியவில்லை. பங்காளி வீட்டு மருமகள் ஒருத்தி ஏற்கெனவே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். நாத்தனார் வண்டியிலிருந்து குதித்து நேரே அவளிடம் போய்க் குடத்தை வாங்கினாள். "கொள்ளி வைக்கிறவன் பொண்டாட்டி வந்துட்டா. நீ நகருத்தா," என்று சொல்லி என்னிடம் கொடுத்தாள். அவள் முகத்தில் இருந்த நிறைவை நான் மறக்கவில்லை.

பேச்சியை ஒரு பாயில், அழுகிற பெண்களுக்கு நடுவே படுக்கவைத்தார்கள். முத்துவை யாரோ வாங்கிக்கொண்டார்கள். நான் ஆற்றுக்குப் போனேன். வைகையில் தண்ணீர் இல்லை. மணலில் தோண்டிய ஊற்றில் மொண்டு தலையில் ஊற்றினார்கள். ஈரச்சேலையோடு குடத்தைத் தூக்கி நடந்தேன். மேளம் காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் முத்து அழுகிற குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.

பிணத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். அப்போதுதான் ஒருத்தி விளக்கை எடுத்துக்கொண்டு பாயருகே வந்தாள். பேச்சியின் முகம், கழுத்து, மார்பு எங்கும் பரவியிருந்தது.

"ஏத்தா," என்றாள் விளக்கோடு வந்தவள், "இது மணல்வாரியில்ல?"

எல்லாரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். எழவு வீட்டுக்குள் ஆத்தாளைக் கொண்டுவந்தது யார் என்று ஒரு கிழவி கேட்டாள். என் நாத்தனார் சற்றும் தடுமாறவில்லை.

"காலையில ஒண்ணுமில்ல. பிள்ளை சுத்தமா இருந்துச்சு. வர்ற வழியில எறங்கியிருக்கா ஆத்தா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால், தெரிந்தே அம்மைப் பிள்ளையைச் சாவு வீட்டுக்குத் தூக்கி வந்த தாய் என்ற பெயர் எனக்குத்தான் வந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

அன்று இரவே எங்கள் மூன்று பேரையும் ஊருக்கு வெளியே தோட்டத்துச் சாளைக்கு, காவல் குடிசைக்கு, அனுப்பிவிட்டார்கள். வாசலில் வேப்பங்குலை செருகச் சொல்லி அனுப்பியது அவள்தான். காலையில் அதைப் பிடுங்கியவள்.

கொள்ளி வைத்தவர் தீட்டுக்காரர். ஆத்தா இருக்கிற இடத்துக்கு வரக் கூடாது. என் கணவர் காலையும் மாலையும் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவார். "எப்படி இருக்கு?" என்பார். "இருக்கு," என்பேன். வேறு பேச்சு இல்லை. தோட்டத்தில் வேலை செய்த ஒரு குடியானவரும் அவர் மனைவியும்தான் கூழும் இளநீரும் கொண்டுவந்து வைத்தார்கள். முத்துவுக்கும் மேலெல்லாம் அம்மை முத்துப்போட்டது. பேச்சிக்குத் தடிப்பு இறங்கியது. ஆனால் மூச்சு இறங்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. மணல்வாரியில் குழந்தைகளைக் கொல்வது அந்தத் தடிப்பு அன்று, நெஞ்சில் கட்டுகிற சளி என்று பிறகு ஒரு வைத்தியப் புத்தகத்தில் படித்தேன். குழந்தையை வெயிலிலும் புகையிலும் கொண்டுபோகக் கூடாது என்றும் அதில் போட்டிருந்தது. வீட்டிலேயே வைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சாதிக்கவில்லை. எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் அவள் அடைத்துவிட்டாள்.

ஒரு முற்பகலில், நான் முத்துவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பேச்சியின் மூச்சிரைச்சல் நின்றது. நின்றதும் தூங்குகிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

குடியானவர் மனைவி ஊருக்குள் ஓடிச் சொல்லிவிட்டு வந்தாள். எழவு வீடு கூப்பிடு தூரம். காரியத்துக்காக உறவு முழுக்க அங்கே கூடியிருந்தது. அவளும் இருந்தாள். வருவாள் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் தெரியாத உப்பு வியாபாரிக்கு ஓடிப்போனவள், தன் தம்பி மகளுக்கு வராமல் இருப்பாளா?

அவள் வரவில்லை. செய்தி மட்டும் வந்தது. குடியானவர் மனைவியே சாளைக்கு வெளியே நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பெரியம்மா சொல்லிவிட்டாக. ஆத்தா கொண்டுபோன பிள்ளைக்கு எழவு கெடையாதாம். யாரும் வரக் கூடாதாம். நீங்களும் சத்தம் போட்டு அழுக வேணாமாம். இன்னொரு பிள்ளை ஆத்தா மடியில கெடக்காம்."

உயிரோடு இருந்தபோது பேச்சிக்கு அம்மை இல்லை என்றவள், செத்தபோது அம்மைதான் என்றாள். இரண்டு தடவையும் அவள் பக்கமே வழக்கம் நின்றது. குடியானவரும் அவர் தம்பியும் தோட்டத்து ஓரத்தில் புதைத்தார்கள். நீர்மாலை இல்லை. மேளம் இல்லை. என் கணவர் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். முத்துவுக்காக நான் வாயைச் சேலையால் அடைத்துக்கொண்டேன். அழவில்லை.

முத்து பிழைத்தான். ஒரு காது மட்டும் சீழ் வைத்துக் கேட்காமல் போனது. கருமாதி முடிந்து சின்னமனூருக்குத் திரும்பினோம். அவனுக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மூன்றாம் தண்ணீர் ஊற்றியதோடு விலக்கு எல்லாம் தீர்ந்தது. மறுநாள் காலையில் அவள் வந்தாள். அந்தக் கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

நடு வீட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் என்னை நோக்கி நீட்டினாள். எதிரில் உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையைச் சேர்த்து அழ வேண்டும். அதுதான் முறை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"உக்காருத்தா," என்றாள். "சின்னவனுக்குத் தலைக்கு ஊத்தியாச்சு. இனி அழுகலாம்."

அழுவதற்கு எனக்கு உத்தரவு கொடுக்க வந்திருந்தாள்.

"மதினி, அன்னைக்குக் காலையில ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

உள்ளேயிருந்து என் கணவர், இப்போது என்னத்துக்கு அதெல்லாம், வந்தவர்களுக்குக் கையைக் கொடு என்றார். அவள் அவரை நீ சும்மா இருடா என்று அடக்கினாள். நீட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள். "காதுக்குப் பின்னால தடவினப்பவே தெரியும். ஆத்தா பொறுத்துக்குவான்னு நெனச்சேன். ஊரு பொறுக்காதுத்தா. எங்க பெரியப்பனுக்கு எவளோ ஒருத்தி தண்ணி எடுத்தான்னு இருக்கலாமா?"

"ஆத்தா பொறுக்கலயே, மதினி."

"பொறுக்கல," என்றாள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

"எந்திரிங்க," என்றேன். "இது எழவு வீடு இல்ல. நீங்க சொல்லிவிட்டதுதான். வேற எங்கயாச்சும் எழவு விழுந்திருக்கும். அங்கன போங்க."

அவள் வாழ்நாளில் துக்கம் கேட்கப் போன இடத்திலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டது அந்த ஒரு தடவைதான். எழுந்து வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். தெருவின் நடுவே வெயிலில் நின்று, பிடித்து அழ ஆள் இல்லாமல் தன் மாரில் தானே கை வைத்துக்கொண்டு, ஒப்பாரியை எடுத்தாள்.

நாலு வயதுப் பெண்ணைப் பற்றி என்ன சொல்லி அழ முடியும்? அவள் சொன்னாள். ஆட்டுக்குட்டியை அப்பன் குரலில் அதட்டுவாளே என்றாள். தம்பியின் தொட்டிலில் புளியங்கொட்டைகளை ஒளித்துவைப்பாளே என்றாள். மத்தியானம் ஆனால் தன் வீட்டுப் படியில் வந்து நின்று, அத்தை, பானையில் காந்தல் இருக்கா என்று கேட்பாளே என்றாள். அது எனக்குத் தெரியாத விஷயம். என் மகள் தினமும் அங்கே போய், பானையடியில் தீய்ந்த அந்தச் சோற்றை வாங்கித் தின்றிருக்கிறாள். தெருவில் கதவுகள் திறந்தன. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவளைச் சுற்றி நின்று சேர்ந்து அழத் தொடங்கினார்கள். என் மகளுக்கு ஊர் கூடி அழுத அழுகை அது ஒன்றுதான். அதையும் அவளே நடத்தினாள்.

நான் கதவைச் சாத்தினேன். என் கணவர் திறக்க வந்தார். நான் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். முத்துவின் கேட்கிற காதை என் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே அந்தக் குரல் கம்மி நிற்கும் வரை அங்கிருந்து நகரவில்லை.